ஏழாம் புட்டியின் கையெழுத்து

பெர்னார் வீதியில் எட்டுப் பேர் ஒரே நொடியில் இடக்கைக்காரர்களாக மாறிய ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து மணி பத்தரை ஆகியிருந்தது. சவேரியூஸ் வீட்டு முன்கூடத்து மேசையில் பன்னிரண்டு வைன் புட்டிகள் பழுப்புத்தாள் அட்டை போட்டுக்கொண்டு, பள்ளி திறந்த முதல் நாளில் வந்து நிற்கும் பிள்ளைகளைப் போல வரிசை பிசகாமல் நின்றன. அட்டை போட்டவள் நான். முப்பத்தாறு ஆண்டுகள் புதுச்சேரியில் தமிழாசிரியையாக இருந்து நோட்டுப் புத்தகங்களின் மடிப்பைச் சரிபார்த்த எனக்கு, புட்டியின் கழுத்துவரை தாளை ஏற்றி மடித்து, வெள்ளைச் சீட்டில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்டு ஒட்டுவது பெரிய வேலையன்று.

சவேரியூஸ் பிரெஞ்சுப் படையில் இருபத்தெட்டு ஆண்டுகள் சமையற்காரராக இருந்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்; தெருவுக்கு அவர் 'மிசியே', ஐயா. வீட்டின் முன்பகுதியில் ஓர் உணவகம் திறக்க எண்ணியவர், வஞ்சிர மீன் குழம்போடு ஒத்துப்போகிற, எளியவரும் வாங்கிக் குடிக்கத்தக்க விலையுள்ள சிவப்பு வைன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி, பிரான்சின் தென்பகுதியில் கொர்பியேர், மினெர்வுவா, ஃபித்தூ என்று வெயிலும் கல்லும் மட்டுமே தாராளமாகக் கிடைக்கிற ஊர்ப்புறங்களிலிருந்து இந்தப் பன்னிரண்டையும் வரவழைத்திருந்தார்.

"பேரைப் பார்த்துட்டா நாக்கு பொய் சொல்லும், டீச்சரம்மா. பேரை மறைச்சுக் குடுங்க. நம்ம தெருவுல நீங்க ஒருத்தர்தான் குடிக்காதவங்க, எவனுக்கும் சலுகை காட்டாதவங்க," என்று அவர் வந்து கேட்டார். பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயரை மறைத்து மதிப்பெண் இடுவதைப் போன்றதுதான் இது என்று விளங்கியதும், மதுவைத் தொட்டறியாத நான் மேற்பார்வைக்கு ஒப்புக்கொண்டேன்.

நிறம், மணம், சுவை, விழுங்கிய பின் தொண்டையில் நிற்பது என்று நான்கு கட்டம் கோடிட்டு, சவேரியூசையும் சேர்த்துச் சுவைக்க உட்கார்ந்த தெருக்காரர் எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். கோடிடுவதற்குக் கொண்டுபோன மர அளவுகோல் என் கையிலேயே இருந்தது. புட்டிகளை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார் சவேரியூஸ். சிவப்பு வைனை அறையின் வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது பிரான்சின் வழக்கம் என்றும், ஆனால் அங்கத்து அறை வேறு, இங்கத்து அறை அடுப்பங்கரை என்றும் சொன்னார். கிண்ணத்தைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, பிறகு படிக்கத்தில் துப்பிவிட வேண்டும் என்று அவர் விளக்கியபோது, நோத்தேர் அலுவலகத்தில் பத்திரம் எழுதும் ஞானாதிக்கம் எழுந்து நின்றார்.

"மிசியே, துப்புறதுக்கா பூசை முடிஞ்சதும் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தோம்?"

"துப்பலேன்னா பன்னெண்டாவது புட்டியில உமக்கு நாக்கே இருக்காதுய்யா."

"நாக்கு போனா போவுது. துப்ப மாட்டேன்."

ஆகவே ஒருவரும் துப்பவில்லை. முதல் புட்டி கொட்டைப்பாக்கின் துவர்ப்பாக இருக்கிறதென்றும், மூன்றாவது புளியம்பழத்தின் ஓட்டைக் கடித்ததுபோல் பல்லில் உரசுகிறதென்றும், ஐந்தாவது நாவற்பழம் தின்ற வாயில் மிளகைப் போட்டதுபோல் இருக்கிறதென்றும் தையற்காரி மதலேனும், உபதேசியார் சந்தியாகுவும், மற்றவர்களும் எழுதினார்கள். உள்கட்டில் செலஸ்தீன் இவர்களுக்காக மசால்வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் விருந்தென்றால் அடுப்படி அவளுடையது. எழுத்தறியாதவள், கணவனை இழந்தவள், ஆகத்தா என்ற ஒரே மகளையும் கடலுக்கு அப்பால் இழந்து, வெறும் நிலத்தின்மேல் கல்லறை கட்டி வைத்திருந்தவள்.

பிறகு ஏழாம் எண் வந்தது. எட்டுப் பேரும் சுழற்றினார்கள், முகர்ந்தார்கள், உறிஞ்சினார்கள், விழுங்கினார்கள். விழுங்கியதும் எட்டுப் பேரும் வலக்கையிலிருந்த பென்சிலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, பிறந்ததிலிருந்து அப்படியே எழுதிவந்தவர்களைப் போலத் தலையைச் சற்றே சாய்த்து எழுதத் தொடங்கினார்கள். நான் சுற்றி வந்து எட்டுத் தாள்களையும் பார்த்தேன். ஒருவர் வெயிலின் மணம் என்றும், ஒருவர் கல்லின் மணம் என்றும், ஒருவர் காய்ந்த கற்பூரவல்லி என்றும் எழுதியிருந்தார்கள். கருத்துகள் எட்டு, எழுத்து ஒன்று. இடப்பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு ழகரமும் வாலை நீட்டி அடுத்த வரியைத் தொடுகிற ஒரே கையெழுத்து.

பார்த்தெழுதுகிறார்கள் என்றே நினைத்தேன். எட்டுப் பேர் பார்த்தெழுதினாலும் எழுத்து ஒன்றாகாது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. முப்பத்தாறு ஆண்டுப் பழக்கம் அப்படி. "யார் தாளைப் பார்த்து யார் எழுதுவது?" என்று கேட்டு அளவுகோலை மேசையில் தட்டினேன்.

எட்டு இடக்கைகளும் பென்சிலைப் போட்டுவிட்டு முதுகுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டன. எழுபது வயது உபதேசியாரின் கையும் ஒளிந்தது. முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றில் அச்சமே இல்லை, வியப்புதான் இருந்தது. அச்சம் கைகளுக்கு மட்டும் இருந்தது.

மதலேன் வலக்கையால் தன் தாளை எடுத்துப் பார்த்தாள். "இது என் எழுத்தில்ல டீச்சரம்மா. இது நம்ம ஆகத்தா எழுத்து. அஞ்சாம் வகுப்புல பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேனே. நீங்க அந்தப் பக்கம் திரும்பினா இப்படித்தான் எழுதுவா."

உள்கட்டு வாசலில் வடைத்தட்டோடு நின்றிருந்த செலஸ்தீன், தட்டை மேசையில் வைத்து, முந்தானையில் எண்ணெய்க் கையைத் துடைத்து, ஏழாம் புட்டியின் அட்டையை மேலிருந்து கீழாகக் கிழித்தாள். "என்ன எழுதியிருக்குன்னு படிங்க, மிசியே," என்றாள்.

சவேரியூஸ் படித்தார். கொர்பியேர் மலைச்சரிவின் ஒரு சிற்றூர், குடியானவர்களின் கூட்டுறவுச் சங்கம், கரிஞான் என்ற திராட்சை, கையால் பறித்தது, பறித்த ஆண்டாகப் போட்டிருந்தது முந்தின ஆண்டு.

"செத்தவ கை போன வருஷம் எப்படிப் பழம் பறிக்கும்?" என்று செலஸ்தீன் கேட்டாள். எட்டாம் எண் முதல் பன்னிரண்டாம் எண் வரையிலான புட்டிகள் அன்று திறக்கப்படவேயில்லை.

திங்கட்கிழமைக்குள் வீதி இந்த அதிசயத்தைத் தனக்குள் போட்டு மடித்து வைத்துக்கொண்டது. ஓய்வூதியத்துக்காக ஆண்டுதோறும் உயிரோடிருப்பதாகச் சான்று வாங்கப் போன சவேரியூசின் கையொப்பம் பழைய ஒப்பத்தோடு பொருந்தாமல் போக, உயிரோடிருப்பவர் யார் என்று கேட்ட குமாஸ்தாவிடம் அவர் வடை தின்றபடி முழுக் கதையையும் சொல்லி, பெருவிரல் ரேகை வைத்துவிட்டு வந்தார். மதலேன் இடக்கையால் வெட்டித் தைத்த இரவிக்கைகளில் கொக்கிகள் பக்கம் மாறி விழ, அதை வாங்கிய பெண்கள் இரண்டு நாளில் அதற்குப் பழகி, இதுதான் வசதி என்றார்கள். உபதேசியாரின் இடக்கை நெற்றிக்குப் போய்ச் சிலுவை அடையாளம் வரைந்துவிட, பங்குச் சாமியார் நெடுநேரம் யோசித்து, தவக்காலம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். ஞானாதிக்கம் எழுதிய பத்திரங்கள் எல்லாம் பெண் எழுத்தில் இருப்பதைக் கண்டு, வாங்குபவர்களும் விற்பவர்களும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். செவ்வாய்க்கிழமை, தங்களுக்கும் வேண்டுமென்று கரண்டியோடு வந்த பத்தொன்பது பேருக்கு ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தார் சவேரியூஸ். அவர்களும் இடக்கைக்காரர்களாகி வீட்டுக்குப் போனார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை. கையால் பறித்தது என்று அச்சிட்டே ஒட்டியிருக்கும்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றார் ஞானாதிக்கம்.

ஆனால் நான் காய்கறி வாங்க வீதியில் நடந்தால், வாசலில் நின்ற இருபத்தேழு பேரின் இடக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக முதுகுக்குப் பின்னால் போயின. "மன்னிச்சுக்குங்க டீச்சரம்மா, அதுவா போவுது," என்று அவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். வீதியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, காற்றில் கதவுகள் சாத்திக்கொள்வதுபோல அந்தக் கைகள் எனக்காக மூடிக்கொண்டே போனதைப் பார்த்தபடி நான் நடந்தேன், வாங்க வேண்டிய கத்தரிக்காயை வாங்காமல் திரும்பினேன்.

ஆகத்தாவின் இடக்கையைத் திருத்தியவள் நான். திருத்தச் சொன்னவள் செலஸ்தீன். பெண்பிள்ளை இடக்கையால் பரிமாறினால் எந்த வீட்டில் ஏற்பார்கள் என்று கேட்டாள். ஓராண்டில் திருத்தினேன். அதற்கு எத்தனை அடி ஆயிற்று என்று நான் எண்ணியதில்லை. அந்தக் கைகள் எண்ணி வைத்திருந்தன போலும். அது மட்டுமென்றால், அந்தக் காலத்து ஆசிரியர் எல்லாரும் செய்ததுதானே என்று நான் தலைநிமிர்ந்து நடந்திருப்பேன்.

இருபதாம் வயதில் ஆகத்தா, ஒரு குடும்பத்துக்குப் பிள்ளை பார்த்துக்கொள்ள பிரான்சுக்குப் போனாள். எழுத்தறியாதவர்களின் கடிதங்களைத் தபால்காரர் என்னிடமே கொடுத்துவிடுவார். நான் படித்துக் காட்டி, பதிலும் எழுதுவேன். எட்டாம் மாதத்தில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உறையைப் பிரித்ததும் அந்த இடப்பக்கச் சாய்வைக் கண்டேன். என் ஓராண்டு உழைப்பைக் கடல் தாண்டியவுடன் அவள் தூக்கி எறிந்துவிட்டதாக எனக்குச் சினம் மூண்டது. சொல்ல நா எழவில்லை, எனினும் சொல்கிறேன்: அந்தக் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தி, மேலே மதிப்பெண் இட்டு, ஒழுங்காக எழுதி அனுப்பு என்று குறித்து, அவளுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். ஒரு மாதத்தில் திருத்தமாக எழுதி அனுப்புவாள், அப்போது செலஸ்தீனுக்குப் படித்துக் காட்டலாம் என்று எண்ணியிருந்தேன். அதன் பிறகு கடிதமே வரவில்லை. அவள் வேலை செய்த வீட்டார் அவள் போன இடம் தெரியாது என்றார்கள்; அந்தக் கடிதத்தில் இருந்த முகவரியை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏழாண்டு காத்திருந்து, செலஸ்தீன் மகளுக்கு இறந்தோர் பூசை வைத்துக் கல் நட்டாள். கல்லில் பொறிக்க வேண்டிய வாசகத்தை என்னிடம்தான் கேட்டாள். பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அவளோடு போய், ஒருவரும் இல்லாத அந்த மண்ணின்மேல் நானும் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

புதன்கிழமை சவேரியூஸ் அந்தக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசினார். நாங்கள் சுற்றி நின்றோம். இந்தியப் பெண்ணா, ஆமாம், இடக்கைக்காரி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கேதான் இருக்கிறாள், இதோ கூப்பிடுகிறேன் என்றதாம் அங்கிருந்த குரல். செலஸ்தீன் தன்னையறியாமல் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். வெகுநேரம் கழித்து அந்தக் குரல் திரும்பி வந்தது. பெர்னார் வீதி என்றதும் அவள் கத்தரியை எடுத்துக்கொண்டு கொடிகளுக்குள் போய்விட்டாள், பேச மாட்டாளாம், அந்த ஊரிலிருந்து கடிதம் வந்தாலும் பிரிக்க மாட்டாளாம்.

"ஏன்?" என்று செலஸ்தீன் கேட்டாள். "நான் அவளுக்கு என்ன பண்ணேன்?"

சவேரியூஸ் என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது; ஆனால் அவருடைய இடக்கை, தொலைபேசியை வைத்துவிட்டு, மெல்ல முதுகுக்குப் பின்னால் போயிற்று. செலஸ்தீன் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு புட்டியைப் பார்த்தாள்.

"எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"ரெண்டு வாய் இருக்கும். திறந்து நாலு நாளாச்சும்மா. நாளைக்குத் தாண்டினா காடிதான், அப்புறம் அதுல எந்தக் கையும் இருக்காது."

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் செலஸ்தீன் அந்தப் புட்டியோடும் இரண்டு கிண்ணங்களோடும் என் வீட்டுக்கு வந்தாள். என் மேசையில் புட்டியை வைத்து, என் நாற்காலியில் அமர்ந்து, தாளும் பென்சிலும் கேட்டாள். மகள் கடல் தாண்டிப் போன இருபத்து மூன்று ஆண்டுகளில் அவள் என் நாற்காலியில் அமர்ந்ததில்லை.

"உனக்கு எழுதத் தெரியாதே, செலஸ்தீன்," என்றேன். அதைச் சொன்னபோது என் நெஞ்சில் ஓர் ஆறுதல் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. குடித்தவர்கள் எல்லாரும் தங்கள் கருத்தைத்தான் ஆகத்தாவின் எழுத்தில் எழுதினார்கள். எழுத்தே இல்லாதவள் எதை எழுதுவாள்?

"எனக்குத் தெரியாது. கைக்குத் தெரியும்ல," என்றாள்.

ஒரு வாய் ஊற்றிக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். அவளுடைய இடக்கை என்னைக் கண்டு ஒளியவில்லை. பெற்றவளின் உடம்பில் இருந்ததால் துணிந்ததோ என்னவோ, பென்சிலை எடுத்தது. தன்னுடையதென்று ஒரு சொல்லும் இல்லாத அந்தக் கிழவியின் உடம்பிலிருந்து, கை தனக்குத் தெரிந்ததைத் தானே எழுதியது. வரி வரியாக, நிறுத்தாமல், இடப்பக்கம் சாய்ந்து, ழகரத்தின் வால்கள் கீழே நீள. முதல் வரியைக் கண்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம். எந்தெந்த இடத்தில் சிவப்பு மை இட்டேன் என்பதும் மனப்பாடம்.

கை நின்றது. செலஸ்தீன் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"படிங்க, டீச்சரம்மா."

படித்தேன். வகுப்பில் செய்யுள் படித்த குரல் எனக்குள் எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்த குரலில் படித்தேன்.

"அம்மா, நான் அந்த வீட்டை விட்டு வந்துவிட்டேன். அங்கே இருக்க முடியவில்லை, ஏன் என்று நேரில்தான் சொல்ல முடியும். இப்போது தெற்கே திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். இங்கே எந்தக் கையால் பறித்தாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கு உன்னிடம் வர வேண்டும் போல இருக்கிறது. பாதியில் வேலையை விட்டு வந்தவள் என்று நீ என்னை ஏசுவாயோ என்று பயமாகவும் இருக்கிறது. வரட்டுமா? நீ சொன்னால் வருவேன். டீச்சரம்மாவிடம் சொல்லி ஒரே ஒரு வரி எழுதச் சொல். நான் காத்திருக்கிறேன்."

வெளியே தெருவில் ஐஸ் விற்பவனின் மணி கேட்டு ஓய்ந்தது. செலஸ்தீன் அழவில்லை. தாளின்மேல் விரலை வைத்து, தனக்குத் தெரியாத எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள்.

"இது எப்ப வந்த கடுதாசி?"

"அவள் போன எட்டாம் மாதம்."

"உங்ககிட்ட வந்துச்சா?"

"ஆம்."

"என்ன பதில் போட்டீங்க?"

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை என்று சொல்வதற்காக என் வாழ்நாள் பெருமை முழுவதையும் கொடுத்திருப்பேன். ஆனால் தெரியும்.

"ஐம்பதுக்குப் பதினேழு," என்றேன்.

அவளுக்கு அது முதலில் விளங்கவில்லை. விளக்கினேன். சிவப்பு மையை, குறிப்பை, உறையை, ஒவ்வொன்றாக, எதையும் விடாமல் விளக்கினேன். விளக்கி முடித்த பிறகு, கல்லில் என்ன பொறித்திருக்கிறது என்று மட்டும் கேட்டாள், அதையும் சொன்னேன்.

அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. புட்டியைச் சாய்த்து, அடியில் மண்டியோடு கிடந்த கடைசி ஒரு வாயை இரண்டாவது கிண்ணத்தில் ஊற்றி, என் முன்னால் வைத்தாள்.

"குடிங்க."

"நான் குடிப்பதில்லை, செலஸ்தீன். நம் தெருவில் இருபத்தேழு பேருக்கு அந்தக் கை வந்திருக்கிறது. மதலேனைப் பதில் எழுதச் சொல்லலாம், ஞானாதிக்கத்தை எழுதச் சொல்லலாம். தன் எழுத்தே உறைமேல் இருந்தால் ஆகத்தா பிரிப்பாள்."

"அவ உங்களைத்தான் எழுதச் சொன்னா."

குடித்தேன். முதலில் துவர்த்தது, பிறகு, காடியாவதற்குச் சற்றே முந்தைய அந்தப் புளிப்புக்கு அடியில், சூடான கல்லும், காய்ந்த இலையும், வெயிலில் நெடுநேரம் குனிந்திருந்த ஒரு முதுகின் வலியும் இருந்தன. மற்றவர்கள் யாரும் தங்கள் தாளில் எழுதாத ஒன்றும் இருந்தது: இடக்கை விரல்களின் கணுக்களில், தோலுக்குக் கீழே, எலும்பில் பதிந்துபோன மர அளவுகோலின் விளிம்பு. ஒவ்வோர் அடியும் தனித்தனியாகத் தெரிந்தது. இப்போது எண்ண முடிந்தது.

பென்சிலை எடுக்க முயன்றேன். என் இடக்கை வரவில்லை. மேசைமேல் இருந்த அது, என் முகம் அதன் பக்கம் திரும்பியதுமே நழுவி, என் மடியில் விழுந்து, என் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அழைத்தேன், வரவில்லை. வலக்கையால் பிடித்து இழுத்தேன். வலக்கையைக் கண்டு இன்னும் இறுகிக்கொண்டது. எழுபத்தொரு வயதில், என் வீட்டில், என்னிடமிருந்தே ஒளிந்துகொண்ட என் கையைத் தேடி, நாற்காலியில் பாதி திரும்பியவளாக நான் உட்கார்ந்திருந்தேன்.

செலஸ்தீன் எழுந்து என் பின்னால் வந்தாள். குனிந்தாள். வடைமாவும் எண்ணெயும் மணக்கும் விரல்களால் அந்தக் கையின் மணிக்கட்டை, அழுத்தாமல், தொட்டாள்.

"ஒண்ணும் பண்ண மாட்டாங்கடி," என்றாள், என்னிடமல்ல. "அம்மா இருக்கேன்ல. வா."

கை வந்தது.